துரிஞ்சிலும் நிழல் மரமும்

துர்க்கா பூஜை முடிந்து காளி பூஜை நெருங்கும் நாட்களில் கரக்பூரில் குடியிருக்கும் நம்மவர் அனைவரும் ஒரு தொல்லையை அறிவர். மாலையில் விளக்கேற்றியவுடன் பச்சை நிறமான சிறு பூச்சிகள் கூட்டங்கூட்டமாக வந்து விளக்கைச் சூழ்ந்துகொள்ளும். சோற்றில் விழும், குழந்தைகளின் பாடப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளும், சட்டைக் கழுத்துக்குள்ளும் புகும். வங்காளியர் இதனைச் 'சியாமா போக்கா' என்பர். காளி பூஜைக்குச் சியாமா பூஜை என்றும் பெயருண்டு. அப்பருவத்தில் வரும் பூச்சி என்பது பொருள். நம் ஊர் உழவரைக் கேட்டால் பச்சைத் தத்துப்பூச்சி என்பார். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சி வாழ்வது அது. சுற்றுப்புறத்து வயல்களில் நெல் முற்றுங்காலத்தில் வெளிச்சம் தேடி ஊருக்குள் வந்துவிடுகிறது.

இரவு முறை வேலை நாட்களில் நான் இதனை நடைமேடையில் நின்று கண்டிருக்கிறேன். 1,072 மீட்டர் நீளமுள்ள நம் நடைமேடை ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர்பெற்றிருந்தது. அப்பெருமை முதலில் கோரக்பூருக்கும், 2023இல் ஹூப்ளிக்கும் போய்விட்டது. பெருமை போனாலும் விளக்குகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு பூச்சிக் கூட்டம். அக்கூட்டத்தினூடே கரிய சிறு உருவங்கள் வெட்டி வெட்டிப் பறக்கும். ஒரு வண்டி போய் மறுவண்டி வருமுன் அவை எத்தனை முறை வாய் நிரப்பிக்கொள்கின்றன என்பதை எண்ணி மாளாது.

இவற்றை வங்காளியர் 'சாம்சிக்கே' என்பர். ஒல்லியான ஆளை ஏளனம் செய்வதற்கும் அச்சொல்லே பயன்படும். நமக்கோ இது துரிஞ்சில். பெருமரங்களில் தலைகீழாகத் தொங்கிப் பழம் தின்னும் பெரிய வௌவாலை அவர்கள் 'பாதுர்' என்று தனியே குறிப்பர். இரு மொழியாரும் இரண்டுக்கும் வெவ்வேறு பெயரிட்டு வைத்திருக்க, அச்சம் வரும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். 2018இல் கேரளத்தில் நிபா நோய் தோன்றியபோது நம் குடியிருப்பிலும் சிலர் கூரை இடுக்குகளில் புகை போட்டார்கள். அந்நோய்க் கிருமி உறைவது பழந்தின்னும் பெரிய வௌவாலிடத்தில். தாழ்வாரத்துத் துரிஞ்சில் பாவம் இருமுறை தும்மியிருக்கும். எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடலாகாது என்பது சரியான எச்சரிக்கைதான். ஆனால் தொடாமலிருப்பதற்குப் புகை எதற்கு?

'வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு' என்பது நம் பழமொழி. இரண்டறைக் குவார்ட்டர்ஸில் ஊரிலிருந்து எட்டுப் பேர் வந்திறங்கும் கோடை விடுமுறையில் அதன் உண்மையை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். அது நிற்க.

துரிஞ்சிலைப் பற்றி நான் எழுதப் புகுந்ததற்குக் காரணம், எங்கள் குடும்பத்தில் இவ்வாண்டு எழுந்த ஒரு கருத்து வேற்றுமை. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்கு அருகே எங்கள் பாட்டனார் வைத்த காப்பித் தோட்டம் நான்கு ஏக்கர் இருக்கிறது. பட்டா அண்ணன் பெயரிலும் என் பெயரிலும் கூட்டாக உள்ளது. உழைப்பு முழுவதும் அண்ணனுடையது. காப்பிச் செடிகளுக்கு மேலே பலாவும் அத்தியும் நாவலும் சந்தன வேம்பும் நிழல் தந்து நிற்கின்றன. கீழ் எல்லையில் ஓர் ஓடை. அதன் கரையில் பாட்டனாரே கைவைக்கத் துணியாத பெருமரங்கள்.

சென்ற மாசி மாதத்தில் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மரவியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பழைய மரம் எல்லாவற்றையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம். மலையில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டுமல்லவா, அதற்கும் தாமே மனுப் போடுகிறாராம். நமக்குச் சில்வர் ஓக் கன்று வைத்துக்கொள்ளலாம். நேராக வளரும், மிளகுக்கொடி ஏறும், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அதையும் விற்கலாம். உன் கையெழுத்துத்தான் வேண்டும்" என்றார்.

அண்ணன் பேராசைக்காரர் அல்லர். ஆண்டுதோறும் நிழல் மரங்களின் கிளை கழிக்க ஆள் கிடைப்பதில்லை; கிடைத்தால் கூலி கட்டுவதில்லை. மூத்த மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் வைத்திருக்கிறார். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு மரத்தை வெட்டாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் விடையிராது. அவர் கேட்கவில்லை. சித்திரையில் விடுமுறையில் வருகிறேன், நேரில் பேசுவோம் என்றேன்.

ஊர் போகுமுன் மனைவியின் பிறந்தகமாகிய வால்பாறைக்குச் சென்றோம். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. 1890களில் தொடங்கி அடர்ந்த மழைக்காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டங்கள் அவை. ஆனால் முழுவதும் அழிந்துவிடவில்லை. தேயிலைக் கடலில் தீவுகளைப்போல் சோலைத் துண்டுகள் நிற்கின்றன. சில ஓடைக்கரைகளில் மரங்கள் தப்பியிருக்கின்றன. சில இடங்களில் காட்டு மர நிழலில் காப்பி பயிராகிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் பரம்பிக்குளமும் வேலியாக அமைந்திருக்கின்றன.

மாமனார் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரவுப் பணி முடிந்து லைன் வீட்டுக்குத் தனியே நடந்து பழகியவர். அந்தி நேரத்தில் அவரோடு ஓர் ஓடையோரமாக நடந்தபோது பேச்சு இதில் வந்து நின்றது. "மாப்பிள்ளை, வெறும் தேயிலைக்கு மேலே பறப்பதைக் கவனியுங்கள். உயரத்தில், வேகமாக, நேராகப் போகும். சோலைக்குள்ளே பறப்பது வேறு சாதி. மெதுவாக இலைக்கு இலை நுழைந்து வரும். அது தேயிலைப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை" என்றார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படியாதவர். நாற்பது ஆண்டுக் கண் படித்தது அது.

கரக்பூர் திரும்பிய பின், என் அலுவலகத் தோழர் ஒருவரின் மகன், விலங்கியல் மாணவர், எனக்குச் சில ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடித் தந்தார். விளங்காத இடங்களைப் பொறுமையுடன் விளக்கவும் செய்தார். அவற்றில் வால்பாறையே இருந்தது! இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேர் வேர்ட்லி, ஜான் ஆல்ட்ரிங்ஹாம் ஆகியோரும், நம் நாட்டு அறிஞர்களாகிய திவ்யா முத்தப்பா, மகேஷ் சங்கரன் ஆகியோரும் சேர்ந்து அப்பீடபூமியில் வௌவால்களை ஆராய்ந்திருக்கிறார்கள். வலை கட்டிப் பிடித்தும், வௌவாலின் ஒலியைப் பதியும் கருவியுடன் இரவில் வகுத்த பாதைகளில் நடந்தும் கணக்கெடுத்தார்கள். காப்புக்காடு, சோலைத் துண்டு, நிழற்காப்பி, தேயிலை, மரமுள்ள ஓடைக்கரை, மரமற்ற ஓடைக்கரை என்று நிலத்தை வகைப்படுத்திக்கொண்டார்கள். 2017இல் வெளியான கட்டுரையின் முடிவு இது: சோலைத் துண்டுகளிலும் காட்டு மர நிழலில் வளரும் காப்பியிலும் வாழும் வௌவால்களின் தொழில்வகைகள் காப்புக்காட்டுக்கு நிகராக இருந்தன, தேயிலையில் மிகவும் குறைந்துவிட்டன. தேயிலைக்கு நடுவே ஓடினாலும், கரையில் மரமிருந்த ஓடைகளில் அந்த இழப்பின் பெரும்பகுதி ஈடுசெய்யப்பட்டிருந்தது.

தொழில்வகை என்று நான் சொல்வதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். வௌவால்கள் வாயாலோ மூக்காலோ ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு இருளில் இரை தேடுவன. கண்ணை மறைத்தாலும் இடறாமல் பறக்கின்றன என்பதை இத்தாலியில் ஸ்பல்லன்சானி 1790களில் கண்டார். நம் செவிக்கெட்டாத ஒலியே காரணம் என்பதை அமெரிக்காவில் டொனால்டு கிரிபின் 1938 முதல் நிறுவினார். இவ்வளவு நாம் பத்தாம் வகுப்பில் படித்ததே. எல்லா வௌவாலுக்கும் ஒரே குரலன்று, ஒரே சிறகன்று என்பதைத்தான் நமக்குச் சொல்லித்தரவில்லை.

ரெயில்வேக்காரனுக்கு விளங்கும் விதத்தில் சொல்கிறேன். நீண்டு ஒடுங்கிய சிறகுடைய இனங்கள் மெயில் வண்டியைப் போன்றவை. திறந்த வெளியில் விரைந்து ஓடும். வளைவு நெளிவு ஒத்துவராது. அவற்றின் ஒலி தாழ்ந்தது. ஆதலால் தொலைவு செல்லும். குட்டையாகவும் அகன்றும் சிறகுடைய இனங்களோ யார்டில் ஷண்டிங் செய்யும் எஞ்சினைப் போன்றவை. மெதுவாகப் போகும், நினைத்த இடத்தில் திரும்பும், கிளைகளுக்கிடையே புகுந்து வரும். குதிரைலாட வௌவால்கள் இவ்வகை. அவற்றுள் பலவற்றின் ஒலி, மனிதச் செவிக்கு எட்டும் மேல் எல்லையைப்போல் மூன்று நான்கு மடங்கு உயர்ந்தது. ஒரே சுருதியில் நீடிப்பது. அடர்ந்த இலைகளுக்கு நடுவே சிறகடிக்கும் அந்துப்பூச்சியைப் பிரித்தறிய அதுபோன்ற கருவி வேறில்லை. ஆனால் அவ்வுயர் ஒலி காற்றில் விரைவில் தேய்ந்துவிடும். பரந்த வெளியில் அவ்வௌவால் ஏறக்குறைய குருடு. ஷண்டிங் எஞ்சினை ஹௌரா பிரதான பாதையில் விட்டால் என்னாகும்?

அதனால் மரத்தை நீக்கினால் வௌவால் அடியோடு ஒழிந்துவிடுவதில்லை. மெயில் வண்டிகள் தங்கும். ஷண்டிங் எஞ்சின்கள் போய்விடும். வேர்ட்லி குழுவினர் கண்டதும் அதுவே: தீவிரச் சாகுபடியில் முதலில் மறைவன பழந்தின்னிகளும், உருவிற் பெரியனவும், குட்டையான அகன்ற சிறகுடையனவும், ஒரே சுருதியில் ஒலியெழுப்புவனவும். பின்னே கூறிய வகைகள்தாம் இலைமேலும் தண்டின்மேலும் ஊரும் பெரிய பூச்சிகளை எடுத்துண்பவை. மேலே பறக்கும் வௌவாலைக் கண்டு, தோட்டத்தில்தான் வௌவால் இருக்கிறதே என்று நாம் மனநிறைவடையலாம். இலைக்குள் வேலை செய்த ஆள் போய்விட்டான் என்பது தெரியாது. மாமனாருக்குத் தெரிந்திருந்தது.

இது மலைக்கு மட்டும் உரியதன்று. மேதினிபூர் மாவட்டத்தில் நம்மைச் சுற்றிலும் வயலும் சால் காடும் மாறிமாறி வருகின்றன. ஆராபாரியில் வனத்துறை அதிகாரி அஜித் குமார் பானர்ஜி 1970களின் தொடக்கத்தில் கிராமத்தாரைப் பங்காளியராக்கி வெட்டுண்ட சால் காட்டைத் துளிர்க்கச் செய்ததை மூத்த அன்பர்கள் அறிவர். நெல்லுக்கும் வௌவாலுக்கும் உள்ள கணக்கைத் தாய்லாந்தில் போட்டிருக்கிறார்கள். அங்கே குகைகளில் இலட்சக்கணக்கில் வாழும் ஒரு வௌவால் இனம், நெல்லைத் தாக்கும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்பதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 டன் நெல்லரிசி அழிவினின்று தப்புகிறது என்றும், அது சுமார் 26,000 பேரின் ஆண்டு உணவு என்றும் 2014இல் மதிப்பிட்டார்கள். மெக்சிகோவின் சியாபாஸ் மலையில் நிழற்காப்பிச் செடிகளுக்கு இரவில் மட்டும் வலை போர்த்தி வௌவாலைத் தடுத்துப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் பறவையினும் வௌவாலே பூச்சியைக் குறைப்பது 2008இல் தெரியவந்தது.

மிகவும் மனத்தை உறுத்தியது அமெரிக்கச் செய்தி. அங்கே 2006இல் நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் வௌவாலின் மூக்கில் வெண்பூஞ்சை படியும் நோய் தென்பட்டு, நாடெங்கும் பரவி, இலட்சக்கணக்கில் மாய்த்தது. வௌவால் மாண்ட மாவட்டங்களில் உழவர் தெளித்த பூச்சிக்கொல்லி 31 விழுக்காடு உயர்ந்தது என்றும், அவ்விடங்களில் கைக்குழந்தைகளின் இறப்பும் ஏறக்குறைய 8 விழுக்காடு கூடியது என்றும் எயல் பிராங்க் என்னும் பொருளாதார அறிஞர் 2024இல் கணக்கிட்டு வெளியிட்டார். தோட்டத்து ஓடைநீரை அண்ணன் வீட்டார் குடிக்கிறார்கள். பின்னாளில் அங்கே ஒரு பேரக்குழந்தை தவழலாம்.

சித்திரையில் தோட்டத்தில் நடந்த பேச்சைச் சொல்லவில்லையே. மாமனார் சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "வௌவாலுக்காகக் கல்யாணத்தை நிறுத்தச் சொல்கிறாயா?" என்றார். அண்ணியார் காப்பி கொண்டுவந்து வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. முடிவைச் சில வாரம் தள்ளி வைத்தோம்.

கரக்பூரிலிருந்து மீண்டும் பேசியபோது கட்டுரைகளில் படித்தவற்றைச் சொன்னேன். "மரத்தை எடுத்துவிடவில்லையே தம்பி, மாற்றி வைக்கிறோம், அதுவும் மரந்தானே?" என்றார். நியாயமான கேள்வி. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். வியாபாரிக்கு ஏற்றாற்போல் பொந்தில்லாமல் நேராக வளர்வதே அதன் சிறப்பு. வௌவாலுக்கு அதுவே குறை. பழைய அத்தியில் பொந்துண்டு, விரிசலுண்டு, பல நிலைகளில் கிளையுண்டு, பருவத்துக்குப் பருவம் வெவ்வேறு பூச்சியுண்டு. வரிசையில் நட்ட ஒரே வகை மரம் அவ்வளவும் தராது என்றேன். அண்ணன் பேசாதிருந்தார்.

அவரை இணங்கச் செய்தது, உண்மையைச் சொன்னால், வௌவால் அன்று. காப்பியின் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அவ்வண்டு பகல் வெயிலில் பறந்து முட்டையிடுவது. வௌவாலுக்கு அதனோடு உறவில்லை. வெயில் படும் அராபிகாச் செடியையே அது நாடும். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் நிழலை ஒருசேர எடுத்துவிட்டு, அடுத்த சில ஆண்டுகளில் துளைப்பான் விழுந்த செடிகளை வேரோடு பிடுங்கி எரித்ததை அண்ணன் நேரில் கண்டவர். கன்று நிழல் கொடுக்கும் வரையில் நம் செடி என்ன செய்யும் என்று நான் கேட்டேன். அவர் அதை ஏற்கெனவே நினைத்துத்தான் இருந்தார் என்று குரலில் தெரிந்தது.

பணத்துக்கு வழி வேண்டுமே! சேமநிதியிலிருந்து நான் ஒரு முன்பணம் எடுத்து அனுப்பினேன்; இனி ஐந்தாண்டு எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதுவும் வாராது என்று மனைவி கணக்குச் சொல்லிவிட்டாள். மேல் எல்லையில் அப்பா வைத்துப்போன சில்வர் ஓக் மரங்களையும், காய்ந்து நின்ற இரண்டு பலாவையும் மட்டும் அனுமதி பெற்று விற்பது, உள்ளிருக்கும் நிழல் மரங்களில் கிளை மட்டும் கழிப்பது, ஓடைக்கரையைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. வியாபாரிக்கு மகிழ்ச்சியில்லை, கொடுத்த விலையும் அண்ணன் எதிர்பார்த்ததில் பாதிக்கும் கீழே. திருமணம் சற்றுச் சுருக்கமாகவே நடக்கும். அண்ணனுக்கு அதில் வருத்தமுண்டு; எனக்கும் உண்டு.

சென்ற வாரம் அண்ணன் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஓடைக்கரை மரமொன்றின் பொந்துக்குள் விளக்கடித்து எடுத்தது. நான்கைந்து சாம்பல் நிற உருவங்கள்; நெற்றியில் ஒன்றோடொன்று இணைந்த பெரிய காதுகள், மூக்கின்மேல் இலைபோன்ற மடல். இது என்ன சாதி என்று கேட்டுச் சொல் என்று கீழே எழுதியிருந்தார். தோழர் மகனிடம் காட்டினேன். இரத்தம் குடிக்குமென்று முற்காலத்து வெள்ளைக்காரர் தவறாக நினைத்துப் பெயரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது என்றார். இருளில் கிளையில் தொங்கிக் காத்திருந்து, சருகில் ஊரும் பூச்சியின் காலோசையைக் கேட்டே பாய்ந்து பிடிக்குமாம். பிடித்ததைத் தங்குமிடத்துக்குக் கொண்டுவந்து, சிறகைப் பிய்த்தெறிந்துவிட்டு உடலை மட்டும் தின்னும்; பொந்தின் அடியில் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணன் பார்த்திருக்கிறார். வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, பெயர் தெரியாத வண்டுகள் என்று ஒரு பிடி சிறகு கிடந்ததாம். காகிதத்தில் மடித்து எடுத்து வைத்திருக்கிறேன், தை மாதம் கல்யாணத்துக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.